மூளை மூட்டத்துக்காக நான் வாங்கியவை: பி12 மாத்திரை முதல் பெப்டைடு குப்பி வரை

நாற்பது விடைத்தாள்களின் மதிப்பெண்களைக் கூட்டிப் பட்டியலில் ஏற்றுவதற்கு, கணக்கு ஆசிரியையாக இருந்த இருபது ஆண்டுகளிலும் எனக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஒரு காலாண்டுத் தேர்வின்போது அதே வேலைக்கு எழுபது நிமிடங்கள் ஆனதோடு, சரிபார்த்த சக ஆசிரியை ஏழு இடங்களில் கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டிக் கட்டைத் திருப்பித் தந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே கரும்பலகையில் ஒரு தேற்றத்தின் மூன்றாம் வரியை எழுதிவிட்டு அடுத்த வரி நினைவுக்கு வராமல் நிற்பதும், ஆண்டு முழுவதும் பார்க்கும் மாணவியின் பெயர் நாக்கின் நுனி வரை வந்து நின்றுவிடுவதும், பிற்பகல்களில் தலைக்குள் பஞ்சை அடைத்து வைத்தாற்போல் ஒரு மந்தம் கவிவதும் வழக்கமாகியிருந்தன. இப்போது பலரும் பிரெயின் ஃபாக் என்றும் மூளை மூட்டம் என்றும் சொல்வது இதைத்தான். இது ஒரு நோயின் பெயர் அன்று. பல கோளாறுகள் வெளிப்படும் ஒரு நிலையின் பெயர். இந்த வேறுபாட்டை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன், அதற்குள் கணிசமான பணமும் செலவாகியிருந்தது.

எனக்கு வயது 47. திருநெல்வேலியில் வசிக்கிறேன். பிறந்தது முதல் சைவ உணவு. தைராய்டு குறைபாட்டுக்காகப் பதினொரு ஆண்டுகளாக நாள்தோறும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் எடுத்துக்கொள்கிறேன். இவற்றைச் சொல்வதற்குக் காரணம், கீழே வரும் மதிப்பீடுகள் இந்த உடலுக்கு உரியவை என்பதை வாசிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும் என்பதே. பதினான்கு மாதங்களில் ஒன்பது பொருள்களை வாங்கினேன். ஏறத்தாழ 22,000 ரூபாய் செலவாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலாக அந்த நாற்பது தாள்களையே வைத்துக்கொண்டு, மாதந்தோறும் நடக்கும் தேர்வுக்குப் பின் எடுத்த நேரத்தையும் பிழைகளின் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். இது ஆய்வுக்கூட அளவீடு ஆகாது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் பலன் தர வேண்டும் என்ற ஆசையும் கைவேகத்தைக் கூட்டும். ஆனாலும் ‘இன்று கொஞ்சம் தெளிவாக இருக்கிறதே’ என்ற மனநிறைவைக் காட்டிலும் அது நம்பத்தக்கது என்று கருதுகிறேன்.

முதலில் வாங்கியது, ஓர் இணையக் கடையில் மூளைத் தெளிவுக்கென்றே விற்கப்படும் கூட்டு மாத்திரை. அறுபது மாத்திரைகள் 1,899 ரூபாய். இரண்டு புட்டிகள் வாங்கினேன். பெட்டி அழகாக இருந்தது, மூன்றே நாளில் வந்தது, பதினான்கு இலக்க உரிம எண் முறையாக அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் உட்பொருள் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, பத்துக்கும் மேற்பட்ட மூலிகைகளையும் அமினோ அமிலங்களையும் ஒன்றாகச் சேர்த்து ‘தனிக்கலவை 650 மில்லிகிராம்’ என்று மட்டுமே போட்டிருந்தார்கள். எந்த மூலிகை எவ்வளவு என்பதற்கு ஒரு சொல் கூட இல்லை. ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்ட அளவில் அந்தப் பத்தையும் போட்டால் ஒரு மாத்திரைக்குள் அடங்காது என்பதைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பெயருக்கு ஒரு சிட்டிகை சேர்த்துவிட்டு அதன் பெயரைப் பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடும் வழக்கம் இந்தத் துறையில் பரவலாக இருக்கிறது. அளவு தனித்தனியாகக் குறிப்பிடப்படாத எந்தப் புட்டியையும் வாங்க வேண்டாம் என்பது என் முதல் பரிந்துரை.

அந்தப் புட்டியில் அளவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்த ஒன்று பயோட்டின் என்ற பி வகை வைட்டமின்: 10,000 மைக்ரோகிராம், அதாவது 10 மில்லிகிராம். முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று சொல்லி இப்போது பல மாத்திரைகளில் இதைச் சேர்க்கிறார்கள். இரண்டாம் மாதத்தில் வழக்கமான தைராய்டு பரிசோதனைக்குப் போனபோது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் சுரப்பு; உடலில் தைராக்ஸின் மிகுந்தால் இது குறையும்) 0.2 என்று வந்தது. ஆறு மாதங்களுக்கு முன் 3.1 ஆக இருந்தது. தைராக்ஸின் அளவு மிகுந்துவிட்டது, குறைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதத் தொடங்கியவர், பேனாவை நிறுத்தி, “வேறு ஏதாவது மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார். புட்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பயோட்டினைப் பயன்படுத்திச் செயல்படும் இரத்தப் பரிசோதனைக் கருவிகள் பல இருக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் அளவுக்கு மீறி இருந்தால் அவை டிஎஸ்எச்-ஐ உள்ளதைவிடக் குறைவாகவும் தைராய்டு சுரப்புகளை உள்ளதைவிட அதிகமாகவும் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இப்படித் தவறலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் பொது எச்சரிக்கையே விடுத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்தபோது டிஎஸ்எச் 3.4. அன்று மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், மூளை மந்தத்துக்கு வாங்கிய மாத்திரையின் விளைவாகத் தைராக்ஸின் குறைக்கப்பட்டு, மந்தம் இன்னும் கூடியிருக்கும். விடைத்தாள் கணக்கில் அந்த இரண்டு மாதங்களில் எந்த மாற்றமும் இல்லை.

அதே நாளில் அவர் வேறு இரண்டு பரிசோதனைகளையும் எழுதிக்கொடுத்தார். இரவில் குறட்டை விடுகிறேனா, சளிக்கோ ஒவ்வாமைக்கோ மாத்திரை போடுகிறேனா என்றும் கேட்டார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் மறுநாள் தலையை மந்தமாக்கும் பொதுவான காரணங்கள் என்றார். எனக்கு அவை இல்லை. வைட்டமின் பி12 இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 148 பிக்கோகிராம் என்று வந்தது. 200-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது பொதுவான கணக்கு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். ஹீமோகுளோபின் மட்டும் 12.1 என்று ஏறக்குறைய சரியாக இருந்ததால், ஆண்டுதோறும் எடுக்கும் பொதுப் பரிசோதனையில் இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை.

பி12-ஐப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நான் வாங்கியவற்றில் கொடுத்த காசுக்கு முழுமையாக உழைத்தது அதுதான். இந்த வைட்டமினைச் செடிகள் உருவாக்குவதில்லை. சைவ உணவு உண்பவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. காலையில் ஒரு குவளை காப்பியிலும் மதியம் ஒரு கரண்டி மோரிலும் வருவது பெரும்பாலும் போதாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், வயிற்று எரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அசைவம் உண்டாலும் பி12 குறையலாம். நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம்தான். அப்படியிருக்க மாத்திரையில் ஏன் 1,500 மைக்ரோகிராம் என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு உடல் ஒரு வேளையில் ஏற்கும் பி12 ஓரிரு மைக்ரோகிராம் அளவுக்கே. அதற்கு மேல் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் குடல் சுவர் வழியாகத் தானாக ஊறி உள்ளே போகிறது. ஆகவே அந்தப் பெரிய எண்ணில் உடலுக்குப் போய்ச் சேருவது பதினைந்து மைக்ரோகிராம் அளவு. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பெட்டியின் மேல் பெரிய எண்ணைக் காட்டி மயக்கும் விளம்பரங்களை அமைதியாகக் கடந்துபோக முடிகிறது.

மருத்துவர் முதலில் சில ஊசிகளைப் போட்டுவிட்டு, பின்னர் மாத்திரைக்கு மாற்றினார். மருந்துக்கடையில் வாங்கிய மெத்தில்கோபாலமின் 1,500 மைக்ரோகிராம் பட்டை, பத்து மாத்திரைகள், 130 ரூபாய் அளவில் வந்தது. சுவையோ வயிற்றுத் தொல்லையோ இல்லை. மூன்றாம் வாரத்தில் பாதங்களில் இருந்த எறும்பு ஊர்வது போன்ற உணர்வு குறையத் தொடங்கியது. அப்படி ஒன்று இருந்ததையே அது குறைந்தபோதுதான் நான் கவனித்தேன். இரண்டாம் மாத முடிவில் நாற்பது தாள்களுக்கு 58 நிமிடங்கள், நான்கு பிழைகள். இங்கே ஓர் எச்சரிக்கை: எங்கள் பகுதியில் சுருள்பாசி மாத்திரையைச் சைவ பி12 என்று சொல்லி விற்கிறார்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12 வடிவம். அது வேறு வகையில் நல்ல உணவாக இருக்கலாம், ஆனால் இந்தக் குறையை அது தீர்க்காது. தீர்க்கும் என்று நம்பிக் காத்திருக்கும் காலத்தில் நரம்புக்கு நேரும் சேதம் சில சமயம் முழுமையாக மீளாது. அதேபோல, பரிசோதனைக்கு முன்பே மாத்திரையைத் தொடங்கிவிட்டால் இரத்தத்தில் அளவு உயர்ந்துவிடும். குறை இருந்ததா என்பது தெரியாமலேயே போய்விடும். நான் வாங்கிய கூட்டு மாத்திரையில் பி12 வெறும் ஒரு மைக்ரோகிராம் மட்டுமே இருந்ததால் என் குறை மறையாமல் தப்பியது.

இரும்பு மாத்திரையை ஒரு மாதம் கழித்துத் தொடங்கினேன். விலை மிகக் குறைவு. பட்டை 40 ரூபாய்க்கும் உட்பட்டது. தொல்லை அதிகம்: வாய் முழுவதும் ஆணியை நக்கியது போன்ற சுவை, மலச்சிக்கல், மலம் கறுத்துப்போதல். நாள்தோறும் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடல் இரும்பை நன்றாக ஏற்கிறது என்று இரும்புக் குறை உள்ள பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருப்பதாக மருத்துவர் சொல்லி, அப்படியே எடுக்கச் சொன்னார், தொல்லையும் பாதியாயிற்று. தைராக்ஸின் எடுப்பவர்கள் இரும்பையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதனோடு சேர்த்து விழுங்கவே கூடாது, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பி, தேநீரோடும் கூடாது. நான் இரவு உணவுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்தேன். நான்காம் மாதத்தில் 49 நிமிடங்கள், இரண்டு பிழைகள். மாடிப்படி ஏறும்போது வந்த மூச்சிரைப்பும் நின்றது. பி12-க்கு எவ்வளவு பங்கு, இரும்புக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

இவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய தெளிவு முழுவதும் திரும்ப வேண்டும் என்ற ஆவலில் மேலும் தேடினேன்.

நினைவாற்றல் என்றவுடன் நம் வீடுகளில் முதலில் வருவது வல்லாரை. என் அம்மா தேர்வுக் காலத்தில் வல்லாரைத் துவையல் அரைக்காத ஆண்டே இல்லை. கடையில் ‘பிரமி’ என்று போட்ட மாத்திரையை எடுத்தபோது, கடைக்காரர் “அது வல்லாரைதாங்க” என்றார். அது தவறு. வல்லாரை என்பது வட்ட இலையோடு தரையில் படரும் சென்டெல்லா இனம், வடமொழியில் மண்டூகபர்ணி. பிரமி என்று ஆய்வுகள் பேசுவது பகோபா இனமான நீர்ப்பிரமியைப் பற்றி. சிறிய தடித்த இலை, வெளிர்நிறச் சிறு பூ. வடநாட்டின் பல பகுதிகளில் இரண்டையும் பிரமி என்றே அழைப்பதால் இந்தக் குழப்பம் மருந்துக்கடை வரை வந்துவிட்டது. மனிதர்களிடம் நினைவாற்றல் தொடர்பான ஆய்வுகள் கூடுதலாக நடந்திருப்பது நீர்ப்பிரமியில்தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகள் அதில் உழைத்திருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறெடுப்பைப் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்துப் பார்த்தவை. படித்ததை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவதில் சிறு முன்னேற்றம் கண்டவை. உடனடிப் பலன் எதிலும் இல்லை.

நான் வாங்கியது, பகோசைடு என்ற முக்கிய உட்பொருளின் அளவு குறிக்கப்பட்ட சாறெடுப்பு, மூன்று மாதத்துக்கு 1,400 ரூபாய். வெறும் வயிற்றில் எடுத்த முதல் வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் படுத்தின. உணவோடு எடுத்தபோது சரியாயிற்று. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் 48 நிமிடங்கள், இரண்டு பிழைகள், அதாவது மாற்றமில்லை. எனினும் இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அளவு வெளிப்படையாக இருந்தது, சொன்ன மூலிகையின் தாவரப் பெயர் அச்சிடப்பட்டிருந்தது, ஈயம் முதலிய உலோகங்களுக்கான பரிசோதனைச் சான்றை கேட்டவுடன் அனுப்பினார்கள். நீர்ப்பிரமி ஈர நிலத்தில் வளர்ந்து அந்த நீரின் உலோகங்களையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் செடி என்பதால் இந்தச் சான்று அலங்காரத்துக்கானது அன்று. அம்மாவின் துவையலை மருந்தென்று எண்ணாமல் கீரையாக எண்ணி இப்போதும் வாரம் ஒருமுறை செய்கிறேன். அமுக்கராவை (அசுவகந்தா) மட்டும் நான் தொடவில்லை: அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது, டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. தைராக்ஸின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடங்க வேண்டாம்.

கிரியேட்டின் உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்களின் பொருள் என்றே நினைத்திருந்தேன். தசையைப் போலவே மூளையும் ஆற்றலுக்குக் கிரியேட்டினைப் பயன்படுத்துகிறது. இறைச்சியும் மீனும் உண்ணாதவர்களின் தசையில் அது குறைவாக இருக்கும். சிட்னியில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 45 சைவர்களுக்கு ஆறு வாரங்கள் நாளொன்றுக்கு 5 கிராம் கொடுத்தபோது நினைவாற்றல் சோதனைகளில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்யப்பட்டது போன்ற அந்த ஆய்வு எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. ஆனால் 2023-இல் அதைவிடக் கூடுதலானவர்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்த்தபோது, பலன் இருந்தாலும் மிகச் சிறியது என்றே முடிந்தது. கடையில் விற்பது ஆலையில் வேதிமுறையில் செய்யப்படுவதால் சைவர்களுக்குத் தடையில்லை. கால் கிலோ 800 ரூபாய். நாளைக்கு 3 கிராம் வீதம் எடுத்தேன். தண்ணீரில் முழுதாகக் கரையாது, மணல் போல் நாக்கில் நெருடும், வேறு குறையில்லை. தூக்கம் குறைந்த நாள்களில் பிற்பகல் தாங்குவதாகத் தோன்றியது. தாள்கள் 47 நிமிடங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதை அறியப் பார்க்கும் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் அளவை இரத்தத்தில் சற்று உயர்த்திக் காட்டும் என்பதால், சிறுநீரகப் பரிசோதனைக்குப் போகும்போது இதை எடுப்பதாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மூன்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பிடரிக் காளான் (லயன்ஸ் மேன்) மாத்திரை இரண்டு மாதத்துக்கு 2,600 ரூபாய். இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் ஜப்பானிய ஆய்வு, லேசான மறதி உள்ள முப்பது பேருக்கு நாளைக்கு 3 கிராம் வீதம் பதினாறு வாரங்கள் கொடுத்தது. எனக்கு வந்த மாத்திரையில் நாளைக்கு ஒரு கிராம்தான். அதிலும் காளானின் குடையா, தானியத்தில் வளர்த்த வேரிழையா என்பது குறிக்கப்படவில்லை. பலன் தெரியவில்லை. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றில் செய்யும் மாத்திரையை வாங்கிய பிறகுதான், 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் ஆண்டுக்கணக்கில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று முடிவு கூறியதைப் படித்தேன். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு அச்சமும் உண்டு. ஒரு பட்டையோடு நிறுத்திவிட்டேன். மீன் எண்ணெய்க்கு மாற்றாக வாங்கிய பாசி எண்ணெய் நல்ல பொருள், ஏப்பம் நாறுவதில்லை, ஆனால் என் மந்தத்தில் அது எதையும் அசைக்கவில்லை.

இனி பெப்டைடுகள். இந்தச் சொல் ஏதோ புதிய கண்டுபிடிப்பைப் போல ஒலிக்கிறது. அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்ட சிறு சங்கிலியே பெப்டைடு; நீளமானால் புரதம். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் நமக்கு நன்கு தெரிந்த ஒன்று. அதை ஏன் நூறாண்டுகளாகப் பெரும்பாலும் ஊசியாகவே போடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: விழுங்கினால் வயிறும் குடலும் அதைச் சாம்பாரில் உள்ள பருப்பைச் செரிப்பது போலவே செரித்துவிடும். கொலாஜன் பெப்டைடு பொடி மூளைக்கும் நல்லது என்று சொல்லி விற்கப்படுகிறது. அது மாட்டுத் தோலிலிருந்தோ மீன் செதிலிலிருந்தோ எடுக்கப்படுவதால் நான் உண்ணவில்லை. அசைவம் உண்ணும் என் தோழி மூன்று மாதம் எடுத்தார், மறதி அப்படியே இருக்கிறது என்றார். அமெரிக்காவில் சொறிமீனில் காணப்படும் ஒரு புரதத்தைச் செய்து பிரிவஜென் என்ற பெயரில் நினைவாற்றல் மாத்திரையாக விற்ற நிறுவனத்தின் மீது, அந்நாட்டு வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் 2017-இல் வழக்குத் தொடுத்து, நினைவாற்றலைக் கூட்டும் என்ற விளம்பரத்தைக் கைவிடுமாறு 2024-இல் நீதிமன்ற ஆணை பெற்றன.

மூக்கில் சொட்டாக விடுவதும் ஊசியாகப் போடுவதும் செரிமானத்தைத் தாண்டிவிடும். ஆகவே அவற்றின் சிக்கல் வேறு. பெரிய நகரம் ஒன்றில் இயங்கும் ஒரு நலவாழ்வு மையத்தைக் காணொளி வழியாக அணுகினேன். கட்டணம் 1,500 ரூபாய். ஆலோசனை ஒன்பது நிமிடங்கள் நீடித்தது. என் இரத்தப் பரிசோதனை அறிக்கையை அவர்கள் கேட்கவில்லை, நானாக அனுப்பியதைத் திறந்தும் பார்க்கவில்லை. செமாக்ஸ் என்ற பெப்டைடை மூக்குச் சொட்டாகவும், பிபிசி-157 என்ற பெப்டைடை ஊசியாகவும் ஒரு மாதத்துக்குப் பரிந்துரைத்தார்கள். 7,000 ரூபாய் அனுப்பினேன். வந்த பொட்டலத்தில் இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் வெண்பொடி, கலக்குவதற்கு ஒரு நீர்க் குப்பி, சில இன்சுலின் ஊசிகள். குப்பியின் மேல் பொடி எழுத்தில் ‘ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு உரியது அன்று’ என்று இருந்தது. தயாரிப்பாளரின் முகவரி இல்லை, உரிம எண் இல்லை. அழைத்துக் கேட்டபோது, அது சட்டத்துக்காகப் போடுவது, கவலை வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு வாசகத்துக்கு மதிப்பளித்து, நான் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

செமாக்ஸ் கட்டுக்கதை அன்று. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் ஏசிடிஎச் என்ற சுரப்பின் ஒரு துண்டை மாதிரியாக வைத்து, மாஸ்கோவில் சோவியத் காலத்தில் உருவாக்கப்பட்ட ஏழு அமினோ அமிலச் சங்கிலி அது. ரஷ்யாவில் பக்கவாதம் முதலியவற்றுக்குப் பதிவு பெற்ற மருந்து; இன்றியமையா மருந்துகளின் அரசுப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. அதை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதுதான்: அந்தப் பதிவு ரஷ்ய ஆலையில் செய்யப்பட்ட அந்தச் சொட்டு மருந்துக்கு உரியது, பெயர் தெரியாத இடத்தில் உறைய வைத்து உலர்த்திய பொடிக்கு உரியதன்று, ஆய்வுகளில் பெரும்பாலானவை ரஷ்யாவுக்குள் சிறு எண்ணிக்கையில் நடந்தவை, என்னைப் போன்ற ஒருவரின் மந்தத்துக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு கிடையாது. பிபிசி-157 பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்டது. குரோவேசியாவின் சாக்ரெப்பில் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டது, ஆனால் பெரும்பாலும் எலிகளில். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023-இல், பாதுகாப்பு குறித்த ஐயங்கள் உள்ளவை என்று கூறி, மருந்தகங்கள் கலந்து கொடுப்பதற்கு ஏற்காத பொருள்களின் வரிசையில் இவ்விரண்டையும் வைத்தது.

பொட்டலத்தோடு ‘99 விழுக்காடு தூய்மை’ என்ற சான்றும் இருந்தது. எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியரிடம் காட்டியபோது அவர் விளக்கியது எனக்குப் பெரிதும் உதவியது. அந்த எண் பொடியில் உள்ள பெப்டைடுகளில் எத்தனை பங்கு சொல்லப்பட்ட பெப்டைடு என்பதை மட்டுமே காட்டும். அதில் கிருமி இருக்கிறதா, கிருமிகள் விட்டுச்சென்ற நச்சு இருக்கிறதா, குப்பிக்குள் சொன்ன எடை இருக்கிறதா என்பதை அது காட்டாது. ஊசியாக உடலுக்குள் போகும் பொருளில் காய்ச்சலையும் அதிர்ச்சியையும் உண்டாக்குவது அந்த நச்சுதான். மேலும் அந்தச் சான்று என் கையில் இருந்த குப்பிக்கு உரியது என்பதற்கும் எந்த அடையாளமும் இல்லை. குப்பியில் தொகுதி எண்ணே அச்சாகவில்லை. பணத்தைத் திருப்பித் தர மையம் மறுத்துவிட்டது. குப்பிகளை மருத்துவரிடம் கொடுத்து மருத்துவக் கழிவோடு அப்புறப்படுத்தச் செய்தேன்.

மருத்துவமனையில் முறையாகப் போடப்படும் ஒரு பெப்டைடு மருந்தும் இருக்கிறது. பன்றியின் மூளையிலிருந்து பெறப்படும் செரிப்ரோலைசின், ஆஸ்திரியாவில் தயாராவது. என் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பத்து நாள்கள் ஏற்றினார்கள். சிலர் அதை மூளை மந்தத்துக்கும் கேட்டுப் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்: காக்ரேன் அமைப்பு உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அது உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை, கடுமையான பக்கவிளைவுகள் சற்றுக் கூடுதலாகவே இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறது. நோயாளியின் தேவையை அறிந்த நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய ஊசி அது. தானாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளும் சத்து ஊசி அன்று.

பதினான்காம் மாதப் பரிசோதனையில் பி12 512, ஃபெரிட்டின் 46. இரும்பை மருத்துவர் நிறுத்திவிட்டார். ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பி12 மாத்திரை வாரம் இருமுறை தொடர்கிறது. அதற்கு ஆகும் செலவு மாதம் 120 ரூபாய்க்குள். கிரியேட்டின் டப்பா தீரும் வரை எடுப்பேன், மீண்டும் வாங்குவது ஐயமே. நீர்ப்பிரமி முடிந்துவிட்டது. சென்ற வாரம் அரையாண்டுத் தாள்கள் நாற்பதைக் கூட்டி ஏற்ற 46 நிமிடங்கள் ஆயின. சக ஆசிரியை ஒரே ஒரு பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.